இலையும் அரிசியும்: கொழும்பு வெயிலுக்கு ஒரு பழைய சாப்பாடு

 

பதிவு கொஞ்சம் நீளம். அவசரமானவர்கள் கடைசியில் உள்ள செய்முறைக்கு நேரே போகலாம். நேரம் உள்ளவர்கள் முழுதாக வாசியுங்கள், வீட்டுப் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

மார்ச் கடைசியும் ஏப்ரலும் கொழும்புக்குப் பொல்லாத மாதங்கள். ஏப்ரல் 5க்கும் 15க்கும் இடையில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிறது. ஒரு பருவக்காற்று ஓய்ந்து மற்றது தொடங்காத இடைக்காலம் என்பதால் கடற்கரை ஊரில் கூட காற்று அசையாது. கடந்த சில வருடங்களாக றமழானும் இந்த வெயிலிலோ அதை ஒட்டியோதான் வந்துகொண்டிருக்கிறது. பாடசாலை விட்டு வரும் பிள்ளை பையைப் போட்டதும் கேட்பது ஐஸ் தண்ணீர். சுடுசோறும் கறியும் என்றால் முகம் சுளிக்கிறது.

இந்த நேரத்தில்தான் பெற்றோர் பலர் எங்களிடம் கேட்கிறார்கள்: "டீச்சர், இந்தத் தபூலே என்கிறார்களே, இலையும் தானியமும் போட்ட சலட், அதை எப்படிச் செய்வது?" காலி வீதிக் கடைகளில் ஒரு கிண்ணம் விற்கும் விலையைப் பார்த்துவிட்டு வந்த கேள்வி அது. செய்முறையைச் சொல்லத்தான் போகிறோம். ஆனால் அதற்கு முன் சரித்திரம் கொஞ்சம் பேச வேண்டும். ஏனென்றால் இலையையும் தானியத்தையும் புளிப்போடு சேர்த்துச் சாப்பிடுவது இந்தத் தீவுக்குப் புதிதாக வந்த விசயம் அல்ல. இங்கே எழுதி வைக்கப்பட்ட மிகப் பழைய சாப்பாடுகளில் அதுவும் ஒன்று.

*தபூலேயும் நம்முடைய சம்பலும்*

தபூலே லெபனான், சிரியா, பலஸ்தீன் பக்கத்துச் சாப்பாடு. பார்ஸ்லி இலையும் புதினாவும் பொடியாக அரிந்து, தக்காளி, வெங்காயம், எலுமிச்சைச் சாறு, ஒலிவ் எண்ணெய் சேர்த்து, அதில் கொஞ்சம் புல்குர் கோதுமை கலப்பார்கள். அந்த ஊர்க்காரர் செய்யும் தபூலேயில் இலைதான் அதிகம், தானியம் குறைவு. கடைகளில் நமக்குத் தருவது பெரும்பாலும் தலைகீழ்.

புல்குர் என்பது கோதுமையை அவித்து, வெயிலில் காயவைத்து, பிறகு உடைத்து எடுப்பது. கேட்டதும் நமக்கு என்ன நினைவு வருகிறது? புழுங்கல் அரிசி. நெல்லை அவித்துக் காயவைத்துக் குற்றுவது நம் முறை. கோதுமை விளைந்த நாட்டில் கோதுமைக்கு என்ன செய்தார்களோ அதையே நெல் விளைந்த நாட்டில் நெல்லுக்குச் செய்தார்கள். அவர்களுக்குப் பார்ஸ்லி, நமக்கு வல்லாரை. அவர்களுக்கு எலுமிச்சை, நமக்குத் தேசிக்காய். அவர்களுக்கு ஒலிவ் எண்ணெய், நமக்குத் தேங்காய்ப்பூ. 1970களின் கடைசியிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போன நம் தாய்மாரும் சகோதரர்களும் அந்தச் சமையலைக் கண்டு வந்தார்கள். அது நல்ல விசயம். ஆனால் அதைக் கண்டு வந்த நாம், வீட்டில் இருந்ததை மறந்துகொண்டு வருகிறோம் என்பதுதான் இந்தப் பதிவை எழுதக் காரணம்.

*கைதி ஒருவர் எழுதி வைத்தது*

1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் திருகோணமலைக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் இரண்டாம் இராஜசிங்க மன்னரின் ஆட்களிடம் பிடிபட்டார். ஏறக்குறைய 19 வருடங்கள் கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் கைதியாக வாழ்ந்து 1679இல் தப்பினார். 1681இல் இலண்டனில் அவருடைய புத்தகம் வெளியானது. இலங்கைச் சரித்திரம் படிக்கும் எவரும் அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது.

அதில் சாதாரண மக்களின் சாப்பாட்டைப் பற்றி அவர் எழுதியதை நம் வார்த்தையில் சொல்வதென்றால் இவ்வளவுதான்: சோறும் உப்பும் இருந்தால் போதும் என்று இருப்பார்கள், அதோடு கொஞ்சம் பச்சை இலையும், தேசிக்காய்ச் சாறும், மிளகும் கிடைத்துவிட்டால் வயிறு நிறையத் திருப்தியாகச் சாப்பிடுவார்கள்.

சோறு, பச்சை இலை, தேசிக்காய், மிளகு, உப்பு. இன்றைக்கு ஒரு கடையில் இதைக் கிண்ணத்தில் போட்டு ஆங்கிலப் பெயர் வைத்தால் சலட். நொக்ஸ் இதை ஏழைச் சாப்பாடு என்ற கண்ணோடுதான் பார்த்தார். அவருடைய நாட்டில் நல்ல சாப்பாடு என்றால் இறைச்சி. அந்தக் கண் நமக்கும் ஒட்டிக்கொண்டது. விருந்தாளி வந்தால் வல்லாரைச் சம்பலை மேசையில் வைக்கக் கூச்சப்படுகிற வீடுகள் நமக்குள் எத்தனை? அதே இலையை வெளியில் காசு கொடுத்துச் சாப்பிடும்போது கூச்சம் வருவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பச்சைக் கொச்சிக்காய் இல்லாத சம்பலை இன்று நாம் நினைத்தும் பார்ப்பதில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயர் 1505இல் இங்கே வந்த பிறகுதான் அது இந்தப் பக்கம் பரவியது. நொக்ஸ் எழுதிய சாப்பாட்டில் உறைப்பு மிளகிலிருந்து வருகிறது. அதனால் நம் செய்முறையிலும் கொஞ்சம் மிளகு போடப் போகிறோம்.

*மிஹிந்தலையின் கல் தொட்டி*

சுற்றுலா போன பிள்ளைகளுக்கு மிஹிந்தலை நினைவிருக்கும். அங்கே பிக்குகளின் அன்னசாலை இருந்த இடத்தில் இரண்டு பெரிய கல் தொட்டிகள் கிடக்கின்றன. பெரியது சோற்றுக்கு, சின்னது கஞ்சிக்கு என்று சொல்வார்கள். பக்கத்திலேயே 10ஆம் நூற்றாண்டில் நான்காம் மஹிந்த மன்னர் வைத்த இரண்டு கல்வெட்டுப் பலகைகள். விகாரையில் யார் யாருக்கு என்ன கடமை, என்ன கொடுப்பனவு என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். மலையடிவாரத்தில் பழைய வைத்தியசாலையின் இடிபாடும், மருந்து எண்ணெயில் நோயாளியைக் கிடத்துவதற்கு மனித உருவில் குடைந்த கல் தொட்டியும் இருக்கின்றன. கஞ்சியும் மருந்தும் ஒரே மலையில்.

பௌத்தர்களின் விநய நூலில் கஞ்சியின் பத்து நன்மைகள் சொல்லப்படுகின்றன. பசி, தாகம் போக்கும், வாயுவைச் சீர்படுத்தும், சமிபாட்டுக்கு உதவும் என்று அந்த வரிசை போகிறது. சிங்களவர் காலையில் குடிக்கும் கொலகெந்த என்கிற இலைக்கஞ்சியின் பின்னால் இவ்வளவு நீண்ட வழி இருக்கிறது. "கொல" என்றால் இலை, "கெந்த" என்றால் கஞ்சி. சிவப்பரிசியை வெள்ளைப்பூண்டோடு குழைய அவித்து, தேங்காய்ப்பால் விட்டு, இடித்துப் பிழிந்த இலைச்சாற்றைக் கடைசியில் சேர்ப்பார்கள். வல்லாரை, ஹாத்தாவாரிய என்ற தண்ணீர்விட்டான், முடக்கொத்தான், கறிவேப்பிலை என்று இலை நாளுக்கு நாள் மாறும். ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது. நம் பாடசாலைகள் பலவற்றிலும் காலையில் பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்த காலம் உண்டு. பௌத்த பண்டிகைக் காலத் தன்சல்களில் இப்போதும் கொடுக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தாருக்கும் இதே முறையில் இலைக்கஞ்சி உண்டு. முசுட்டை, முல்லை, தூதுவளை, முடக்கொத்தான் என்று வேலியில் படர்ந்தவை எல்லாம் அந்தப் பானைக்குள் போகும். வெள்ளவத்தைச் சந்தையில் இந்த இலைகளைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் அம்மாமார் இன்னும் இருக்கிறார்கள்.

*நம்முடைய பங்கு என்ன?*

"டீச்சர், இதெல்லாம் மற்றவர்களின் சாப்பாடுதானே" என்று கேட்க வேண்டாம். வல்லாரைச் சம்பல் என்ற ஒன்றையே எடுத்துப் பிரித்துப் பாருங்கள்.

சம்பல் என்ற சொல் மலாய் மொழியிலிருந்து வந்தது. ஒல்லாந்தர் 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்த பிறகு, ஜாவா முதலான தீவுகளிலிருந்து சிப்பாய்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்கள்தான் இன்றைய மலாய் முஸ்லிம்களின் முன்னோர் பலர். அச்சாறு என்ற சொல்லும், நாம் கங்குங் என்று வாங்கும் கீரையின் பெயரும் அந்தப் பக்கத்தோடு நம்மைச் சேர்க்கிறவை. வல்லாரையை மலாய்க்காரர் பெகாகா என்பார்கள். மலேசியாவில் ஆறிய சோற்றில் பலவகைப் பச்சை இலைகளைப் பொடியாக அரிந்து கலந்து "நாசி உலாம்" என்று சாப்பிடுகிறார்கள். பெகாகாவும் அதில் போகும். சோறும் இலையும் சேர்ந்த அசல் சலட் அது.

அடுத்து மாசி. சம்பலில் இடித்துப் போடும் மாசிக்கருவாடு மாலைத்தீவிலிருந்து வந்தது. இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டில் மாலைத்தீவில் காழியாக இருந்தவர். மீனை நான்காகக் கீறி, அவித்து, புகையில் காயவைத்து இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் அனுப்புகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். அங்கிருந்து 1344இல் இலங்கைக்கு வந்து, பாவா ஆதம் மலை ஏறி, காலி வழியாகக் கொழும்புக்கும் வந்தார். இந்த ஊரைக் "கலன்பூ" என்று குறிப்பிட்டு, ஸரந்தீபின் பெரிய, அழகான ஊர்களில் ஒன்று என்று சொல்கிறார்.

மூன்றாவது வைத்தியம். கண்டி அரசர்களுக்கு வைத்தியம் பார்த்த முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன. கேகாலைப் பக்கத்தில் கெட்டபெரியவைச் சேர்ந்த கோபால முஸ்லிம்கள் அவர்களில் பேர்பெற்றவர்கள். பேராசிரியர் லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய ஆங்கில நூலில் இவர்களைப் பற்றி விரிவாக வாசிக்கலாம். யூனானி ஹக்கீம்களின் முறையில் ஒவ்வொரு உணவுக்கும் சூடு, குளிர்ச்சி, ஈரம், வரட்சி என்ற குணங்கள் உண்டு. "இது சூடு, இன்றைக்கு வேண்டாம்" என்று நம் உம்மும்மாமார் சொல்வது சும்மா வந்த பேச்சு அல்ல. 1929இல் பொரளையில் சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கியபோது ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றுக்கும் அங்கே இடம் இருந்தது. மூன்று முறைகளும் ஒரே காட்டிலும் ஒரே வயல் வரம்பிலும் இலை பறித்தன.

ஆக, இலை இந்த மண்ணுடையது. பெயர் மலாய்க்காரருடையது. மாசி மாலைத்தீவாருடையது. கொச்சிக்காய் போர்த்துக்கேயரின் கப்பலில் வந்தது. அரிந்து பிசைந்தது நம் உம்மாமாரும் அம்மாமாரும் அம்மேமாரும். இதில் யார் யாருக்குப் பங்கு கொடுக்காமல் விடுவது?

*கஞ்சி என்ற சொல் போன தூரம்*

கஞ்சி தமிழ்ச் சொல். 1563இல் கோவாவில் இருந்த கார்சியா த ஓர்த்தா என்ற போர்த்துக்கேய வைத்தியர் தன் மருந்து நூலில் இந்தச் சொல்லை எழுதினார். மிளகும் சீரகமும் சேர்த்த அரிசித் தண்ணீரை நோயாளிக்குக் கொடுப்பதைப் பற்றிச் சொல்லும் இடம் அது. போர்த்துக்கல்லிலும் பிரேசிலிலும் இன்றைக்கும் கோழியும் அரிசியும் போட்ட சூப்புக்குப் பெயர் "கஞ்ஜா". ஆங்கிலத்தில் காலை உணவு விடுதிகளில் எழுதும் பெயரும் நம் கஞ்சியிலிருந்து போனதுதான்.

நமக்குக் கஞ்சி என்றால் நோன்பு. அரிசி, வெந்தயம், இஞ்சி, பூண்டு, இரம்பை, தேங்காய்ப்பால், கையில் வசதி இருந்தால் கொஞ்சம் இறைச்சி. அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் வாளியோடும் ஜக்கோடும் பிள்ளைகள் வரிசையில் நிற்பதும், அந்த வரிசையில் முஸ்லிமல்லாத அயலவரின் பிள்ளைகளும் நிற்பதும் கொழும்பு கண்ட காட்சிதான். பார்லியில் செய்யும் தல்பீனா என்ற கஞ்சி நோயாளியின் மனதுக்கு ஆறுதல் தரும், கவலையைக் குறைக்கும் என்று ஆயிஷா நாயகி (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. துக்க வீட்டுக்குக் கஞ்சி கொடுத்தனுப்பும் வழக்கத்தின் அருமை அதைப் படித்தால் விளங்கும்.

இப்போது நோன்பு திறக்கும் மேசையைப் பாருங்கள். ரோல்ஸ், பட்டீஸ், சமோசா, கட்லட், அதற்கு மேலே சீனிக் கரைசல். 13 மணித்தியாலத்துக்கு மேல் காய்ந்த வயிற்றுக்கு எண்ணெயும் சீனியும். கஞ்சிக் கோப்பை ஓர் ஓரத்தில். இலை இல்லவே இல்லை. நீரிழிவு இல்லாத வீடு நம் தெருக்களில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், இந்த மேசையைப் பற்றி நாம் பேசாமல் இருக்க முடியாது.

*இலை காப்பாற்றிய காலங்கள்*

இலையின் அருமை வசதியான காலத்தில் தெரியாது. அரிசி தட்டுப்பட்ட காலங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

1942இல் பர்மா ஜப்பானியரிடம் விழுந்தது. இலங்கை அப்போது தின்ற அரிசியில் பெரும் பங்கு பர்மாவிலிருந்து வந்தது. அது நின்றதும் அரிசிக்கு ரேஷன் வந்தது, கோதுமை மாவும் பாணும் வீட்டுக்குள் நிரந்தரமாகக் குடியேறின. 1953 ஜூலையில் 25 சதத்துக்குக் கிடைத்த ஒரு கொத்து ரேஷன் அரிசி 70 சதமானது. அந்த வருடம் ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் நின்றது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அரிசி விலை ஒரு பிரதமரை வீட்டுக்கு அனுப்பிய நாடு இது. 1970களின் நடுப்பகுதியில் பாணுக்கு விடியற்காலை வரிசை, ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோக வழியில் "ஹால் பொல்ல" என்ற தடை. மரவள்ளிக்கிழங்கும் கீரையும் தின்று வளர்ந்தோம் என்று அந்தத் தலைமுறை சொல்வது மிகைப்படுத்தல் அல்ல.

இலை கூடக் கிடைக்காத காலங்களும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சகோதரர்கள் வெறுங்கையோடு புத்தளம் வந்து சேர்ந்தபோது, ஊரார் கொடுத்ததில்தான் முதல் நாட்கள் போயின. 2009இல் முள்ளிவாய்க்காலில் சிக்கிய தமிழ் மக்களுக்கு மிஞ்சியது அரிசியும் உப்பும் தண்ணீரும் சேர்ந்த கஞ்சி. ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கஞ்சியைக் காய்ச்சி நினைவாகப் பகிர்கிறார்கள். அண்மை வருடங்களில் வெள்ளவத்தையிலும் அந்த நினைவுகூரல் நடந்தது. அதைக் கொடுத்ததற்காக 2024இல் கிழக்கில் சிலர் கைது செய்யப்பட்டதும் நாம் அறிந்ததுதான். நோன்புக் கஞ்சியைப் பகிர்ந்து வளர்ந்த நமக்கு, ஒரு கோப்பைக் கஞ்சி எவ்வளவு பாரமாக இருக்கலாம் என்று விளங்காமல் போகாது.

கடைசியாக நாம் எல்லோரும் சேர்ந்து பார்த்தது 2022. முந்தின வருடம் இரசாயனப் பசளைக்குத் தடை, விளைச்சல் விழுந்தது, டொலர் இல்லை, காஸ் இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு ஏறக்குறைய 195 ரூபாய். இறைச்சியும் முட்டையும் பால்மாவும் எட்டாத தூரத்துக்குப் போயின. கீரையும் விலை ஏறத்தான் செய்தது. ஆனாலும் கையில் இருந்த காசுக்கு ஒரு கட்டு பொன்னாங்காணியோ வல்லாரையோ வாங்க முடிந்தது. அதுவும் அடுப்பில் அதிக நேரம் நிற்காத சாப்பாடு. காஸ் இல்லாத வீட்டுக்கு அது சின்ன உதவி அல்ல.

*இந்த இலை எங்கே முளைக்கிறது?*

ஒரு வகுப்பில் ஆறு வகை இலையை மேசையில் வைத்து நாங்கள் பெயர் கேட்டபோது, பெரும்பாலான பிள்ளைகளிடமிருந்து வந்த ஒரே பதில் "கீரை". கறிவேப்பிலையை மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. பிள்ளைகளில் பிழை இல்லை. நாம் காட்டவில்லை.

கொழும்பில் நாம் தின்னும் கங்குங், பொன்னாங்காணி, வல்லாரை ஆகியவற்றில் ஒரு பங்கு நகரத்தைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களில் விளைகிறது. கொலன்னாவை, முல்லேரியா, தலங்கமைப் பக்கம் போனால் பாத்திகளைப் பார்க்கலாம். 2018 ஒக்டோபரில் உலகத்தில் முதன்முதலாக 18 நகரங்களுக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொடுக்கப்பட்டது. அதில் கொழும்பும் ஒன்று. அது நமக்குப் பெருமை. ஆனால் அதே சதுப்புகளில் மண் கொட்டி நிரப்புவதும், கழிவுநீரைத் திறந்து விடுவதும் நிற்கவில்லை.

சதுப்பு மூன்று வேலை செய்கிறது. மழை கொட்டும்போது தண்ணீரைத் தாங்குகிறது. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை மக்கள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. வெயில் காலத்தில் சுற்றுப்புறத்தின் சூட்டைக் குறைக்கிறது. மூன்றாவதாக நமக்கு இலை தருகிறது. அதை நிரப்பிவிட்டு, வெயில் கூடிவிட்டது என்று ஏசி போட்டு, அந்த அறைக்குள் இருந்து தூரதேசத்து இலையில் செய்த சலட் சாப்பிடுவதில் என்ன நியாயம்?

அரிசியும் அப்படித்தான். களுஹீனட்டி, பச்சைப்பெருமாள், மடத்தவாளு என்று இந்த மண்ணின் சிவப்பரிசி வகைகள் எத்தனையோ இருந்தன. பச்சைப்பெருமாள் என்ற பெயரைக் கவனியுங்கள். தமிழ்ப் பெயர். சிங்கள விவசாயி அதை அப்படியே "பச்சப்பெருமாள்" என்று சொல்லி விதைத்தார். நெல்லுக்கு இனம் தெரியாது.

*செய்முறை: வல்லாரைச் சோற்றுச் சலட்*

இனி வாக்குக் கொடுத்தபடி. நான்கு பேருக்கு:

சிவப்பரிசி ஒரு கோப்பை. வல்லாரை இரண்டு கட்டு. புதினா ஒரு பிடி. சின்ன வெங்காயம் பத்து. பச்சைக் கொச்சிக்காய் இரண்டு. தக்காளி ஒன்று, சின்ன வெள்ளரிக்காய் ஒன்று. தேங்காய்ப்பூ அரைக் கோப்பை. தேசிக்காய் இரண்டு. மாசித்தூள் ஒரு மேசைக்கரண்டி, விரும்பினால் மட்டும். மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு அளவாக.

1. அரிசியை உதிரி உதிரியாக வடித்து, அகலமான தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். ஆறியதும் மூடி பிரிட்ஜில் வையுங்கள். ஆக்கிய சோற்றை மணிக்கணக்காக வெளியில் வைத்து இதற்கு எடுக்க வேண்டாம். கொழும்புச் சூட்டில் சோறு சீக்கிரம் பழுதாகும், வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும்.

2. வல்லாரையை ஒவ்வொரு தண்டாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் மூன்று நான்கு முறை கழுவுங்கள். பிறகு உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து மீண்டும் ஒருமுறை கழுவுங்கள். சதுப்பில் விளைந்ததைப் பச்சையாகச் சாப்பிடுகிறோம் என்பதால் இதில் சோம்பல் கூடாது. நன்றாகத் தண்ணீர் வடிந்த பிறகுதான் அரிய வேண்டும்.

3. இலையைச் சுருட்டிப் பிடித்து, கூரான கத்தியால் நூல் போல அரியுங்கள். மழுங்கின கத்தி இலையை நசுக்கும், கசப்பும் கறுப்பும் வரும். அரிவது சாப்பிடுவதற்குச் சற்று முன்புதான்.

4. வெங்காயம், கொச்சிக்காய், உப்பு, மிளகு, மாசித்தூள் இவற்றைக் கையால் பிசைந்து, தேங்காய்ப்பூ சேருங்கள். பிறகு தக்காளி, வெள்ளரிக்காய், ஆறிய சோறு. கடைசியில் வல்லாரையும் புதினாவும். கிளறுங்கள், பிசைய வேண்டாம்.

5. தேசிக்காயைப் பிழிவது மேசைக்கு வந்த பிறகு. முதலே விட்டால் இலை நிறம் மாறிவிடும்.

சிவப்பரிசிக்குப் பதிலாகக் குரக்கனில் செய்ய முடியாது, அது மாவாகத்தான் சரிப்படும். சாமையோ வரகோ கிடைத்தால் நன்றாக வரும். வல்லாரை கசக்கிறது என்று பிள்ளைகள் சொன்னால் முதலில் பாதி வல்லாரை, பாதி கரட் துருவல் போட்டுப் பழக்குங்கள். நோன்பு திறக்கும்போது ஈத்தம்பழம், தண்ணீர், கஞ்சி, அதன் பிறகு இதில் ஒரு சின்னக் கிண்ணம் போதும்.

ஒரு வார்த்தை: இது சாப்பாடு, மருந்து அல்ல. வல்லாரை தின்றால் நீரிழிவு போகும், ஞாபகசக்தி பெருகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து எடுப்பவர்களும் இலைச்சாறு தினமும் குடிக்க நினைத்தால் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

*நாம் செய்யக் கூடியது*

மாடி வீட்டில் இருப்பவர்களும் வல்லாரை வளர்க்கலாம். சந்தையில் வாங்கிய கட்டில் வேரோடு இருக்கும் இரண்டு தண்டை எடுத்து, அடியில் ஓட்டை போட்ட அகலமான ஐஸ்கிரீம் பெட்டியில் நட்டு, அரை நிழலில் வைத்து, மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். கொடி தானே ஓடும். மீனும் இறைச்சியும் கழுவிய தண்ணீரை ஊற்ற வேண்டாம், பச்சையாகத் தின்னும் இலை. பிள்ளையின் கையால் நடச் செய்யுங்கள். தான் நட்ட இலையைப் பிள்ளை வேண்டாம் என்று ஒதுக்குவது குறைவு. இது எங்கள் வகுப்பறை அனுபவம்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் உம்மும்மாவோ அப்பம்மாவோ ஆச்சியோ இருந்தால், அவர்கள் கஞ்சிக்குப் போட்ட இலைகளின் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். எந்த மாதத்தில் எந்த இலை, எதற்கு எது சேராது, எதைப் பச்சையாகத் தின்னக் கூடாது. இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் முழுதாக இல்லை. அவர்கள் போய்விட்டால் அந்தப் பெயர்களும் அவர்களோடு போய்விடும். கீழே கருத்துப் பகுதியில் தமிழில், சிங்களத்தில், மலாயில், எந்தப் பெயர் தெரியுமோ அந்தப் பெயரில் எழுதுங்கள். ஒரே இலைக்கு வந்து சேரும் பெயர்களை எல்லாம் தொகுத்து, பாடசாலைச் சுவரில் ஒட்டுவதற்கு ஓர் அட்டவணையாகச் செய்து இங்கே பகிர்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வெயிலில் கவனமாக இருங்கள். தண்ணீர் குடியுங்கள். வாசலில் வேலை செய்யும் கூலித் தொழிலாளிக்கும், துப்புரவுப் பணியாளருக்கும் ஒரு கோப்பை கொடுக்க மறக்க வேண்டாம்.